பௌர்ணமிக்கு மறுநாள்

அன்பர்களே, ஜப்பானில் அரண்மனையின் அதிகாரம் வீழ்ந்து போர்வீரர் கைக்குப் போன கதை என்றதும் வாளும் தீயும்தான் நினைவுக்கு வரும். நான் ஒரு விருந்திலிருந்து தொடங்குகிறேன்.

1018-ஆம் ஆண்டு, இன்றைய கியோட்டோ. அரசவையில் அதிகாரம் மிக்க பிரபு ஃபுஜிவாரா மிச்சிநாகாவின் இன்னொரு மகளும் பட்டத்தரசி ஆகிறாள். இப்போது ஒரே வீட்டில் மூன்று அரசிகள். அந்தக் குஷியில் மிச்சிநாகா, இந்த உலகமே என்னுடையது, முழுநிலவு போல எனக்கு ஒரு குறையும் இல்லை என்ற பொருளில் பாட்டுக் கட்டுகிறார். பதில் பாட்டு பாடும்படி சானெசுகே என்ற பிரபுவைக் கேட்கிறார். மனிதர் சாமர்த்தியசாலி. இவ்வளவு நல்ல பாட்டுக்குப் பதில் ஏது, எல்லோரும் சேர்ந்து இதையே பாடுவோம் என்று நழுவிவிட்டார். வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். பாட்டு நமக்குக் கிடைத்ததே அதனால்தான்!

பெண்ணை அரசருக்குக் கொடு, பேரனை அரியணையில் ஏற்று, தாத்தாவாக இருந்து ஆட்சி செய். அந்தக் குடும்பத்தின் மொத்த அரசியலும் இவ்வளவுதான். மிச்சிநாகாவின் மகன் யோரிமிச்சியும் பெண் கொடுத்தார், பேரன்தான் பிறக்கவில்லை. சுமார் 170 ஆண்டுகளில் முதல்முறையாக, தாய் ஃபுஜிவாரா குடும்பத்துப் பெண்ணாக இல்லாத கோ-சான்ஜோ 1068-இல் அரசரானார். மறு ஆண்டே வரியில்லா நிலங்களின் பத்திரங்களைச் சோதிக்க ஓர் அலுவலகம் திறந்தார். வாளை விடுங்கள், தொட்டில் காலியாக இருந்ததுதான் முதல் அடி என்பேன்.

அப்புறம் நிலம். மாகாணத்துக்கு ஆளுநராக நியமித்தால், பலர் தலைநகரை விட்டு நகரவே இல்லை, பதிலாளை அனுப்பினார்கள். உடையில் எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம், எந்த வாசனைப்புகை, கடிதத்துக்கு எந்தக் காகிதம் என்பதில் ஊறியவர்களுக்குக் கிராமத்துச் சேறு எதற்கு? அந்தச் சேற்றில் நின்று வரி வசூலித்தவன், கள்ளனை விரட்டியவன் கையில் வில் இருந்தது.

1156-இல் அரச குடும்பத்துச் சண்டையைத் தீர்க்க அவனைத் தலைநகருக்கே கூப்பிட்டார்கள். வந்தவன் திரும்பிப் போவானா? 1185-இல் தான்-நோ-உரா என்ற இடத்தில் போர்வீரர் குலங்கள் மோதிய கடற்போரில் குழந்தை அரசர் அந்தோகு பாட்டியோடு கடலில் மூழ்கினார்.

1221-இல் கோ-தோபா என்ற முன்னாள் அரசர் காமகுரா நகரில் அமைந்த போர்வீரர் ஆட்சியை எதிர்த்துப் பார்த்தார். ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. அவரை ஓகித் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அரியணையை விட்டு இறங்கிய பின் தலைநகரில் இருந்தபோது தாம் தொகுக்கச் சொன்ன கவிதைத் திரட்டை அங்கே மறுபடி எடுத்துவைத்துக்கொண்டு, பிடிக்காத பாடல்களை நூற்றுக்கணக்கில் அடித்துத் திருத்தினார். 1239-இல் அதே தீவில் இறந்தார்.