ஒற்றுமையைக் காப்பது தாழ்மையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

'சபையின் ஒற்றுமையைக் காப்பது தாழ்மையா, சட்டதிட்டமா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர், "எல்லாரும் தாழ்மையாக இருந்தால், 'நீங்கள் முதலில் போங்கள், நீங்கள் முதலில் போங்கள்' என்று வாசலிலேயே நிற்பார்கள், ஆலயத்துக்குள் ஒருவரும் வர மாட்டார்கள்" என்றார். பலத்த கைதட்டல்! சரி, ஒருவரும் அசையாத ஓர் அறைக்கு அவரை அழைத்துப் போகிறேன்.

வேதாகமத்தில் யோவான் 13. இயேசு சீஷர்களோடு சாப்பிட்ட கடைசி இராப்போஜனம். தண்ணீர் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, துடைக்கச் சீலை இருக்கிறது. சீஷர்கள் பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள். ஒருவராவது எழுந்தாரா? கால் கழுவுவது வேலைக்காரன் வேலை ஆயிற்றே! லூக்கா 22-ஐப் புரட்டுங்கள். அதே இரவில் அவர்களுக்குள் நடந்த வாக்குவாதம், 'நம்மில் யார் பெரியவன்?' என்பது.

நண்பரே, தாழ்மையா அவர்களை உட்கார வைத்தது? 'நான் ஏன் எழ வேண்டும்?' என்ற எண்ணம் அல்லவா! கடைசியில் எழுந்தது யார்? இன்னொரு முறை கேட்கிறேன், எழுந்தது யார்? அவர்கள் 'ஆண்டவர்' என்று அழைத்தவர்! சீலையை இடுப்பில் கட்டினார், குனிந்தார். தாழ்மை வாசலில் நிற்காது ஐயா, வேலை கிடக்கிற இடத்துக்கு முதல் ஆளாகப் போகும்!

ஆதிச் சபையைப் பற்றிச் சொல்லும் அப்போஸ்தலர் 6-ஐக் காட்டி, "விதவைகளுக்கு அன்றாடம் சாப்பாடு கொடுத்த பந்தி விசாரணையில் வந்த முறுமுறுப்பை ஒழுங்குதானே தீர்த்தது?" என்றும் கேட்டார்கள். அங்கே 'எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை' என்று முறையிட்டவர்கள் கிரேக்க மொழி பேசியவர்கள். அந்தப் பந்தியைக் கவனிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்தை நம்பியே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் வாசிக்கிறேன். அந்த மனம் எந்தச் சட்டத்தில் வரும்?

மறுபடியும் அந்த அறைக்கு வாருங்கள். எனக்குத் தொண்டை அடைக்கிற இடம் ஒன்று அங்கே உண்டு. தன் காலைக் கழுவ விடாமல் பேதுரு தடுத்தார், அது எல்லாருக்கும் தெரியும். யூதாஸ்? அவன் இருளுக்குள் எழுந்து போனது கால் கழுவிய பிறகுதான். காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும், அவன் காலையும் கழுவினார். துடைத்தும் விட்டார்.

நமக்கோ, அதே சபையில், அதே ஆராதனையில், பேச்சுவார்த்தை இல்லாமல் ஒருவர் இருக்கிறார். அவர் நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லையே! ஏதோ கமிட்டியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், அவ்வளவுதானே? அவர் இந்தக் கூட்டத்திலேயே இருந்தால், எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். தீர்ப்பை நடுவர் அப்புறம் சொல்லட்டும்.