குனோங் டத்தோ உச்சிப் பாறை: ஏணி ஏறாம இறங்கிடாதீங்க!

வணக்கம் மக்களே! குரல் கட்டியிருக்கு, பொறுத்துக்கங்க. நேத்து பாறை மேல நின்னு கத்தின கத்து அப்படி. குனோங் டத்தோ ஏறிட்டு வந்தாச்சு! மலேசியாவுல, நெகிரி செம்பிலான் மாநிலத்துல, ரெம்பாவ் ஊருக்குப் பக்கத்துல இருக்கிற மலை. 884 மீட்டர். நம்ம சிங்கப்பூர் புக்கிட் தீமா உச்சி 163 மீட்டர்தான், நான் அங்க படியேறுற வீடியோவை நீங்க எத்தனையோ தடவை பார்த்திருக்கீங்க. இது அதைவிட அஞ்சு மடங்குக்கு மேல.

ஒரே ஒரு விஷயம் சொல்லணும்னுதான் எடிட் எல்லாம் ஓரம் வெச்சிட்டு உட்கார்ந்திருக்கேன். மேல போனா பெரிய பாறைகளுக்குக் கீழ கொஞ்சம் சமதரை வரும். நிறைய பேர் அங்கயே பையை இறக்கி, பிஸ்கட் சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு இறங்கிடறாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. அங்கேருந்து மரம்தாங்க தெரியும்! அவ்ளோ தூரம் வேர் புடிச்சு, மூட்டு வலிக்க ஏறி வந்து, இன்னும் நாலு ஏணி ஏற மாட்டேன்னா எப்படி? காட்சி முழுக்க அந்தப் பாறைக்கு மேலதான் இருக்கு.

பாறைன்னா சும்மா இல்ல. ஒவ்வொண்ணும் வீடு உசரம், எல்லாம் கிரானைட். பூமிக்கு அடியில குழம்பா இருந்தது மெதுவா ஆறி இறுகி 20 கோடி வருஷம் இருக்கும். மேல இருந்த மண்ணு போனதும் பாறையில விரிசல் விழும், அதுல தண்ணி இறங்கும். மூலை முடுக்கெல்லாம் முதல்ல உளுத்துப் போகும், நடுவுல இருக்கிறது மட்டும் உருண்டையா நிக்கும். யாரோ தூக்கி அடுக்கின மாதிரி இருக்கிறது அதனாலதான். புக்கிட் தீமாவும் கிரானைட்தான், புலாவ் உபின் தீவும் கிரானைட்தான். ஆனா நம்ம ஊர்ல அதை வெட்டி எடுத்த குழியைத்தான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கிறோம். இங்க அது மேலயே ஏறி நிக்கலாம்.

இப்ப கிளவுஸ் கதைக்கு வரேன். இதை விட மாட்டேன்.

போன வாரம் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். பேர் வேணாம். அந்தத் தம்பி ஒரு ஜோடி எடுத்துக் காட்டி, "அக்கா, பாறை ஏறுறதுக்குன்னே செஞ்சது"ங்கிறார். விலை 42 சிங்கப்பூர் வெள்ளி! கைவிரல் பாதி வெளிய தெரியுது, அதுக்கு 42 வெள்ளி. வெச்சிட்டு வந்துட்டேன். எங்க புளோக் கீழ இருக்கிற இரும்புக்கடையில, கட்டுமான வேலைக்குப் போற அண்ணன்மார் வாங்குவாங்களே, உள்ளங்கையில ரப்பர் பூசின நூல் கிளவுஸ், அது ஜோடி 1 வெள்ளி 80 காசு. ரெண்டு ஜோடி எடுத்தேன், 3 வெள்ளி 60 காசு. எங்க அத்தை பொண்ணு, அதான் நீங்க எல்லாம் "அட்டவணை அக்கா"ன்னு கூப்பிடுவீங்களே, அவங்க வேன்லயே சொன்னாங்க, "இது தாங்காதுடி"ன்னு.

தாங்குச்சு மக்களே! காலையில ஏணிக் கம்பி எல்லாம் பனியில நனைஞ்சு கிடக்கு. வெறுங்கைல புடிச்சா வழுக்குது, பாறையில கை வெச்சா குவார்ட்ஸ் மணி குத்துது. எனக்கு ஒரு கீறல் இல்ல. முன்னாடி ஏறின ஒரு சீன ஆன்ட்டி உள்ளங்கையைச் சிராய்ச்சுக்கிட்டாங்க. இன்னொரு ஜோடியை அவங்களுக்குக் குடுத்துட்டேன். போட்டுக்கிட்டு விறுவிறுன்னு ஏறிட்டாங்க. மேல போனதும் அட்டவணை அக்காவே "எந்தக் கடைடி?"ன்னு கேட்டாங்க. பாருங்க, தையல் ஒண்ணு கூடப் பிரியல. இதோ, கேமராக்கிட்ட காட்டுறேன்.

ஆங், கிளம்பின நேரம் சொல்லவே இல்ல. ராத்திரி 2 மணிக்கு சிங்கப்பூர் ஈசூன்ல வேன் ஏறினோம், துவாஸ் எல்லைச் சாவடி வழியா. சனிக்கிழமை விடிஞ்சப்புறம் செக்பாயிண்ட் போனீங்கன்னா மலை ஏறுற தெம்பு அங்கயே போயிடும். நெடுஞ்சாலையில பாகோ ஓய்விடத்துல ஒரு தே தாரிக், அதான் ஆத்தின பால் டீ, அப்புறம் நேரா ரெம்பாவ். வெளிச்சம் வந்ததும் ஏற ஆரம்பிச்சோம். வனத்துறை அனுமதி முன்கூட்டியே எடுக்கணும், அதை எங்க வழிகாட்டி அபாங் பார்த்துக்கிட்டார்.

ஏற்றத்தைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆரம்பத்துலேயே செங்குத்து, வேர்தான் படிக்கட்டு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஒரு குரூப் மட்டும் ஸ்பீக்கர் மாட்டிக்கிட்டு டப்பு டப்புன்னு பாட்டுப் போட்டுக்கிட்டே வந்தாங்க. எனக்கு இது சுத்தமா ஆகாது, உங்களுக்கே தெரியும். காடு பேசுறதைக் கேட்கத்தானே 200 கிலோமீட்டருக்கு மேல வரோம்? அவங்களை முன்னாடி போகவிட்டு, நாங்க பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டோம். அப்புறம்தான் குருவிச் சத்தமே காதுல விழுந்துச்சு.

சரி, மேல. கடைசி ஏணி முடிஞ்சு தலையைத் தூக்கினேன். சுத்தி எங்க திரும்பினாலும் மலை. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, பச்சை, நீலம், அப்புறம் சாம்பல். மேற்குல வானம் தெளிவா இருந்ததால மலாக்கா நீரிணை தகடு மாதிரி மின்னுச்சு. தென்கிழக்குப் பக்கம் லேடாங் மலை தனியா நிமிர்ந்து நிக்குது. சிங்கப்பூர்ல 30வது மாடியில நின்னாலும் எதிர்ல இன்னொரு 30 மாடிதான். இங்க பார்வை தடுக்கவே இல்லைங்க. அதான் கத்திட்டேன்.

அந்தப் பாறைக்கு ஒரு கதையும் இருக்கு. ரெம்பாவோட முதல் தலைவருக்குப் பட்டம் கட்டினது இந்த மலையிலதான்னு அந்த ஊர்ல சொல்றாங்க. பழைய மலாக்கா வீரர் ஹங் துவா பாதம் பதிஞ்ச தடம்னு பாறையில ஒரு பள்ளத்தையும் காட்டுவாங்க. அபாங் அதுக்குப் பக்கத்துல நின்னு, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். நாங்களும் செருப்பு, ஷூ படாம சுத்திப் போனோம்.

மழை பத்திச் சொல்லிடறேன், இது விளையாட்டு இல்ல. மதியத்துக்கு மேல அங்க இடி மழை சகஜம். மொட்டைப் பாறை, இரும்பு ஏணி, மின்னல், மூணும் ஒண்ணாச் சேர்ந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம். காய்ஞ்ச கிரானைட்ல ஷூ நல்லாப் புடிக்கும். பாசி படிஞ்சு நனைஞ்சா நிக்கவே முடியாது. அதனால மேகம் கறுத்தா ஏணிப் பக்கமே போகாதீங்க. 11 மணிக்குள்ள பாறையை விட்டு இறங்கிடுங்க.

தண்ணி! ஆளுக்கு ரெண்டு லிட்டராவது தூக்குங்க, மேல கடை கிடை கிடையாது. சின்னப் பிள்ளைங்களை அந்த ஏணியில ஏத்தாதீங்க, இடைவெளி பெருசு.

இறங்கினதும் ரெம்பாவ்ல சாப்பாடு. மசாக் லெமாக் சிலி அப்பி, தேங்காய்ப்பால்ல மஞ்சளும் ஊசி மிளகாயும் போட்ட கோழி. நெகிரி ஆளுங்க வைக்கிற உறைப்புக்கு முன்னாடி நம்ம ஊர்க் கடைங்க எதுவும் நிக்காது. ரெண்டு தட்டு சோறு உள்ள போச்சு.

லேடாங்கை அங்கேருந்து பார்த்ததுலேருந்து மனசு அதுலயே இருக்கு. 1,276 மீட்டர், ஜோகூர்லயே உசரமானது. அட்டவணை அக்கா ஏற்கெனவே தேதி தேட ஆரம்பிச்சுட்டாங்க. வர்றவங்க கீழ எழுதுங்க, வேன்ல எத்தனை பேர்னு பார்க்கணும்.