பட்டியலுக்கும் கவ்வாத்து உண்டு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஹட்டன் மக்களே, வணக்கம்.

'வாசிப்பும் எழுத்தும் வளர்வது பட்டியல் போட்டா, மனம் போன போக்கிலா?' இதுதான் தலைப்பு. 'பட்டியல் போட்டுத்தான்' என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். "18 கிலோ தேயிலைக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர் போடுகிற கணக்கைப் புத்தகத்துக்கும் கொண்டு வராதீர்கள்" என்றார். நானும் கை தட்டினேன். அரைப்பேரோடு, அதாவது பாதி நாள் சம்பளத்தோடு, அம்மா வீட்டுக்கு வந்த நாட்களின் முகம் எனக்குத் தெரியும்.

ஆனால் தம்பி, அந்த 18 கிலோவை வைத்தது யார்? அம்மாவா? என் பட்டியலில் நிறுக்கிறவனும் நான், பேர் போடுகிறவனும் நான். போன வருஷம் 24 புத்தகம் என்று எழுதினேன், 15 முடிந்தது. யாரும் என் சம்பளத்தில் கை வைக்கவில்லை. பட்டியல் இல்லாத வருஷங்களில் எத்தனை வாசித்தேன் என்று கேளுங்கள். தெரியாது. நிறைய வாசித்த மாதிரி ஒரு நினைப்பு மட்டும் இருக்கிறது.

தம்பி தேயிலையைத் தொட்டதால் நானும் அங்கேயே வருகிறேன். ஏழெட்டு நாளில் அதே மலைக்குத் திரும்ப வந்து கொழுந்தெடுக்க வேண்டும். தோன்றும்போது வருகிறேன் என்றால் இலை முத்திவிடும். ஆறு சிறுகதை எழுதுவதாகப் போட்டேன், முடிந்தது இரண்டு. இரண்டும் ஞாயிறு காலை, பைப்பில் தண்ணீர் வருவதற்கு முந்தைய அரை மணி நேரம் என்று குறித்துவைத்து உட்கார்ந்து எழுதியவை. மற்ற நாலும் 'எண்ணம் வரட்டும்' என்று விட்டவை. இன்னும் வரவில்லை.

நம் மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையில் ஜெயித்து நாடாளுமன்றம் போனவர். அரசியல், தொழிற்சங்கம் என்று அலைந்தவர்தான் தோட்டத்துப் பாட்டுகளையும் தேடித்தேடிச் சேர்த்தார். அந்தத் தொகுப்பை வாசித்த ராத்திரி எனக்கு அப்பாயி ஞாபகம். தாலாட்டு நன்றாகப் பாடும். ஒருநாள் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்தேன். எந்தத் தாளிலும் குறிக்கவில்லை. எதிரணி சொல்கிற அதே மனம் போன போக்குதான். 2019இல் அப்பாயி போய்விட்டது. இப்போது எங்கள் வீட்டில் அந்தத் தாலாட்டு இரண்டு அடி இருக்கிறது. மூன்றாவது அடியை அத்தை ஒரு மாதிரி சொல்கிறார், சித்தப்பா வேறு மாதிரி சொல்கிறார்.

அதனால் இந்த வருஷப் பட்டியலில் முதல் வரி: 'மேட்டு லயத்துப் பாட்டி, பாட்டு.' மேட்டில் இருக்கிற அந்தத் தோட்டக் குடியிருப்புக்குக் கொப்பியோடு போய் மூன்று பாட்டு எழுதி வந்தேன். நடுவில் பாட்டி கோழியை விரட்டியதையும் சேர்த்தே எழுதிவிட்டேன். அதை அடிக்கப் போவதில்லை.

"முடிக்காத பட்டியல் மனசுக்குப் பாரம்" என்றும் தம்பி சொன்னார். பாரமானால் வெட்டுங்கள். தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிட்டு, கவ்வாத்து பண்ணின மலையைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? வெறும் குச்சியாக நிற்கும், புதிதாய்ப் பார்ப்பவர் செத்துவிட்டது என்பார். வெட்டினவருக்குத் தெரியும் துளிர் வரும் என்று. மூன்று வருஷமாக என் பட்டியலில் முதலிடத்தில் ஒரு தடித்த ரஷ்ய நாவல் இருந்தது. 60ஆம் பக்கத்தைத் தாண்டவே இல்லை. ஜனவரியில் வெட்டினேன். அந்த இடத்தில்தான் பாட்டி வந்தார்.

மணி அடித்துவிட்டார்கள். இந்தத் துண்டில் எழுதி வந்ததில் இன்னும் மூன்று பாக்கி. எதிரணி சிரிக்கிறது, சிரிக்கட்டும். எங்கள் அணியில் அடுத்துப் பேசுகிற தங்கச்சியிடம் துண்டைக் கொடுத்துவிட்டே உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.