வகுப்பில் 40 பேர், கணக்கில் 44 பேர்: நிகழ்தகவு வழுக்கும் இடம்

(திரையில்: கோடு போட்ட நோட்டுத் தாள், ஸ்கெட்ச் பேனா)

வணக்கம். மதுரையில் ஒரு பத்தாம் வகுப்பு, 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நான் கணக்குக்காகப் போட்டவை. கேள்வி இரண்டே: ஜிகர்தண்டா பிடிக்குமா? பருத்திப்பால் பிடிக்குமா? பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துப் பின் பெஞ்சும் தூக்கும்.

சீட்டை எண்ணியாயிற்று. ஜிகர்தண்டா 26, பருத்திப்பால் 18. குலுக்கி ஒரு சீட்டு எடுத்தால் அது ஜிகர்தண்டா ஆளுடையதாக இருக்க நிகழ்தகவு 26/40, அதாவது 0.65. பருத்திப்பாலுக்கு 18/40, 0.45.

சரி, இரண்டில் ஒன்றாவது பிடித்தவர்? இங்கேதான் வழுக்கும். 26-ஐயும் 18-ஐயும் கூட்டி 44/40 என்று எழுதிவிடுவார்கள். நிகழ்தகவு 1.1! இருக்கிற 40 பேரில் 44 பேர் எங்கிருந்து வந்தார்கள்? இரண்டும் பிடித்த 10 பேரை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். ஒரு தடவை கழித்தால் 34. விடை 34/40, 0.85. புத்தகத்தில் கூட்டல் தேற்றம் என்று இருப்பது இதுதான். மீதி 6 பேருக்கு இரண்டுமே வேண்டாமாம். இருக்கட்டும்.

(திரையில் கட்டம். மேல் வரிசை, பருத்திப்பால் பிடிக்கும்: 10, 8. கீழ் வரிசை, பிடிக்காது: 16, 6. இடது பக்கம் ஜிகர்தண்டா பிடித்தவர்கள்.)

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்த நாலு கட்டத்தைப் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும். ஏன் என்று பாருங்கள். பருத்திப்பால் பிடித்தவர்களின் சீட்டுகளை மட்டும் குலுக்குகிறேன். வருபவருக்கு ஜிகர்தண்டாவும் பிடிக்க எவ்வளவு வாய்ப்பு?

(உள்ளங்கை கீழ் வரிசையை மறைக்கிறது.)

இப்போது கண்ணுக்குத் தெரிவது 18 பேர்தான். 40-ஐ மறந்துவிடுங்கள். 10/18, சுமார் 0.56. அப்புறம் கேள்வியைத் திருப்புவோம்: ஜிகர்தண்டா பிடித்தவர்களில் பருத்திப்பாலும் பிடித்தவர்? கையை வலது பக்கம் வையுங்கள். 10/26, சுமார் 0.38. மேலே அதே 10, கீழே ஆள் மாறிவிட்டது. பிளஸ் ஒன்னில் இதையே விரிவாகப் படிப்பீர்கள்.

அந்த 0.65 மதுரைக்கே பொருந்துமா? பொருந்தாது, நாம் கேட்டது ஒரு வகுப்பை. இதே கேள்வியைச் சித்திரை வெயிலில், விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா கடை வாசலில் நின்று கேளுங்கள். நாற்பதுக்கு நாற்பதும் கிடைக்கலாம். பதில் சொல்கிறவர் கையில்தான் ஏற்கெனவே டம்ளர் இருக்கிறதே!