கடை கடையாக விற்றதன் விலை: ஸ்பென்சர் பிளாசா பற்றிய பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். சென்னை அண்ணா சாலையின் ஸ்பென்சர் பிளாசா என்ற மால் தளர்ந்ததற்குப் பெரிதும் காரணம் வெளியிலிருந்து வந்த போட்டியா, உள்ளேயே இருந்த உடைமை முறையா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று பேரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். புதிதாக முளைத்த மால்கள், அண்ணா சாலையை ஆண்டுக்கணக்கில் மறித்துக்கொண்டிருந்த மெட்ரோ ரயில் வேலை, கைப்பேசிக்குள் வந்துவிட்ட இணைய வணிகம் ஆகிய மூன்றும் நடந்தவைதாம். நான் அவற்றை மறுக்கப்போவதில்லை. அடி எல்லோருக்கும் விழுந்தது. ஆனால் ஸ்பென்சர் பிளாசா மட்டும் விழுந்த இடத்திலிருந்து எழ முடியாமல் போனது ஏன் என்ற கேள்விக்கு அவருடைய உரையில் விடை இல்லை என்பதே என் முறையீடு. அந்த விடை, அங்கே கடைகளை ஆளுக்கொன்றாக விற்ற கிரயப் பத்திரங்களில் இருக்கிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அந்த இடத்தின் பழைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் அதுவே என் கட்சிக்கு முதல் சாட்சி. சார்லஸ் டூரண்ட், ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இருவர் 1863-ஆம் ஆண்டளவில் தொடங்கிய கடை, பிறகு யூஜின் ஓக்‌ஷாட்டின் கைக்கு வந்து, 1890-களில் அன்று மவுண்ட் ரோடு எனப்பட்ட அண்ணா சாலையில் போக்சன் என்ற கட்டடக்கலைஞர் வரைந்த இந்தோ-சராசெனிக் பாணிக் கட்டடத்தில் குடியேறியது. எண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் அந்த ஒரே கடைக்குள் இயங்கின. திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை, ரயில் நிலையங்களில் சிற்றுண்டிச்சாலை, பக்கத்து மனையில் கன்னிமாரா ஓட்டல் என்று அதன் கிளைகள் பரவின. அப்போது போட்டி இல்லையா என்றால், இருந்தது. அதே சாலையில் ஒயிட்அவே லெய்ட்லா என்ற பெரிய கடை இருந்தது. அது மூடிப்போய், அதன் கட்டடம் பின்னர் சுதேசமித்திரன் பத்திரிகையின் கைக்குச் சென்றது. ஸ்பென்சர் நின்றது. எந்தப் பிரிவை எங்கே வைப்பது, எதை மூடுவது, எதைப் புதிதாகத் தொடங்குவது என்று முடிவெடுக்க ஒரு நிர்வாகம் இருந்ததால், வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் கப்பலேறிப் போன பிறகும் அது நின்றது. 1983-இல் பிடித்த தீயில்தான் அந்தக் கட்டடம் போயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேல் சந்தையால் வீழ்த்த முடியாத கடையை நெருப்புதான் வீழ்த்த முடிந்தது என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்புள்ள அந்த மனையில், 1990-களின் தொடக்கத்தில் திறந்து, மூன்று கட்டங்களாக வளர்ந்து 10 லட்சம் சதுர அடியைத் தாண்டிய கட்டடமே இன்று நாம் பேசும் ஸ்பென்சர் பிளாசா. பொருளாதாரத் தாராளமயம் தொடங்கிய காலம் அது. குளிரூட்டிய கூடத்துக்குள் கடைத்தெரு இருக்கும் என்பதே அன்றைய சென்னைக்குப் புதுமை. வெளியூரிலிருந்து வந்த உறவினர்களை மெரினாவுக்கு அழைத்துப்போன கையோடு ஸ்பென்சருக்கும் அழைத்துப்போன குடும்பங்கள் இந்த அவையிலேயே பல இருக்கும். நகரும் படிக்கட்டின் முதல் படியில் காலை வைக்கவா வேண்டாமா என்று பாட்டி தயங்க, பின்னால் நிற்கும் கூட்டம் பொறுமையாகக் காத்திருந்த காட்சியை அங்கே யாரும் வேடிக்கையாக எண்ணியதில்லை, ஏனென்றால் காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கும் அது புதிதுதான். ஒரு தளத்தில் விலை ஒட்டிய கம்பெனிக் கடை. அடுத்த சந்தில் திரும்பினால் ஏற்றுமதியில் மிஞ்சிய சட்டைகளைக் குவித்து வைத்துப் பேரத்துக்குக் காத்திருக்கும் சிறு கடை. இன்னும் உள்ளே போனால் பஷ்மினா சால்வையும் காகிதக்கூழ்ப் பெட்டியும் விற்கும் காஷ்மீர் வியாபாரி. லேண்ட்மார்க் புத்தகக்கடையும் மியூசிக்வேர்ல்ட் இசைக்கடையும் இளைஞர் கூட்டத்தை மணிக்கணக்கில் பிடித்துவைத்தன.

இந்த இடத்தில் எதிரணிக்கு நானே ஒரு வாதத்தை எடுத்துக் கொடுக்கிறேன். கடைகளைத் தனித்தனியாக விற்றதால்தான் அந்தப் பன்முகம் வந்தது. கையில் கொஞ்சம் முதல் வைத்திருந்த சிறு வியாபாரி அண்ணா சாலையில் சொந்தமாக நூறு இருநூறு சதுர அடி வாங்க முடிந்ததால்தான் அங்கே பேரமும் மலிவும் உயிரும் இருந்தன. மறுக்கவில்லை. கட்டியவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. கடன் சந்தை இன்றுபோல் விரியாத காலத்தில், கட்டும்போதே விற்றுப் பணம் புரட்டினால்தான் இவ்வளவு பெரிய கட்டடம் எழும். எழுச்சிக்கு எது காரணமோ அதுவே தளர்ச்சிக்கும் காரணமாயிற்று என்பதே என் வாதம். முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கூட்டம் தானாகவே வந்ததால், முடிவெடுக்கும் ஆள் இல்லாத குறை யார் கண்ணிலும் படவில்லை.

கடை கடையாக விற்பது என்றால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பத்திரத்தில் ஒருவருக்குக் கடையும், நிலத்தில் பிரிபடாத பாகமும் சேருகின்றன. நடைபாதை, நகரும் படிக்கட்டு, குளிர்சாதனம், கழிப்பறை, வண்டி நிறுத்தம் எல்லாம் பொது. வாங்கியவர் சில ஆண்டுகள் தாமே வியாபாரம் செய்கிறார். பிறகு வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார். அதற்கடுத்துச் சொத்து பிள்ளைகளுக்குப் போகிறது. அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது மாதாமாதம் வாடகை வர வேண்டிய ஓர் எண். யார் அதிக அட்வான்ஸ் தருகிறாரோ அவருக்கே கடை. பக்கத்துக் கடைக்காரரும் கைப்பேசி உறை விற்கிறாரே, எதிர்க் கடைக்காரரும் அதையே விற்கிறாரே, ஒரே வரிசையில் எட்டுப் பேர் ஒரே பொருளை விற்றால் துணி வாங்க வந்த குடும்பம் அந்தத் தளத்துக்கே வராதே என்று யோசிக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் வாங்கியது ஒரு கடை, அவர் கவலைப்படுவது ஒரு கடைக்காக.

குத்தகைக்கு மட்டும் விடும் மாலில் கணக்கே வேறு. கூட்டத்தை இழுக்கும் பெரிய துணிக்கடைக்கோ திரையரங்குக்கோ சதுர அடிக்குக் குறைந்த வாடகை போட்டு உள்ளே கொண்டுவருவார்கள்; அந்தக் கூட்டத்தால் பிழைக்கும் சிறு கடைகளிடம் கூடுதல் வாடகை வாங்கி அதை ஈடுகட்டுவார்கள்; பல ஒப்பந்தங்களில் விற்பனையில் ஒரு பங்கையும் வாடகையாகப் பெறுவார்கள். கடைக்காரருக்கு வியாபாரம் நடந்தால்தான் மால்காரருக்கும் காசு. போகாத கடையை ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மாற்றிவிடுவார்கள். ஸ்பென்சர் பிளாசாவில் ஒருவர் தம் கடையின் வாடகையைக் குறைத்துக்கொண்டு பெரிய கடையொன்றை வரவழைத்தால், அதன் பலன் பக்கத்துக் கடைக்காரருக்குப் போகுமே தவிர அவருக்கு வராது. பிறகு ஏன் குறைப்பார்? ஆளுக்கொரு வடத்தை ஆளுக்கொரு திசையில் இழுக்கும் தேர் நிலையை விட்டு நகருமா?

இப்போது எதிரணியின் குற்றவாளிகளை ஒவ்வொருவராக விசாரிப்போம். முதலாவது, புதிய மால்கள். 2006-இல் மயிலாப்பூரில் சிட்டி சென்டர், 2009-இல் அமைந்தகரையில் ஆம்பா ஸ்கைவாக், 2010-இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் என்று வரிசையாக வந்தன. இவற்றுள் எக்ஸ்பிரஸ் அவென்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பென்சரிலிருந்து நடந்தே போகும் தூரம். அதே நகர மையம், அதே நெரிசல், ஏறத்தாழ அதே வாடிக்கையாளர். எட்டுத் திரைகள் கொண்ட அரங்கு அங்கே வந்தது. ஸ்பென்சரில் கடைசிவரை ஒரு திரைகூட வரவில்லை. ஏன் வரவில்லை? இடமா இல்லை? 10 லட்சம் சதுர அடி இருந்தது. பல உரிமையாளர்களின் கடைகளை ஒன்றாகத் திரட்டி, இடைச்சுவர்களை இடித்து, உயரமான கூடம் அமைக்கக் கையெழுத்திட வேண்டியவர்கள் அத்தனை பேர் இருந்ததுதான் தடை. போட்டியாளர் வந்தது 2010-இல். போட்டியிட முடியாதபடி கையைக் கட்டிக்கொண்டது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு.

வடபழனியில் 2013-இல் திறந்த ஃபோரம் விஜயா மால் சில ஆண்டுகளில் வேறு நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு மாறி நெக்சஸ் விஜயா என்று பெயரும் மாறியது. உள்ளே சினிமா பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரிந்திருக்கக்கூட வாய்ப்பில்லை. ஸ்பென்சர் பிளாசாவை அப்படி ஒருவர் முழுதாக வாங்கிச் சீர்செய்ய முன்வந்தால், எத்தனை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்?

இரண்டாவது, மெட்ரோ. அண்ணா சாலையில் ஒருவழிப்பாதைகளும் தடுப்புகளும் பல ஆண்டுகள் இருந்தது உண்மை. வியாபாரம் அடிபட்டதும் உண்மை. ஆனால் 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரையிலான சுரங்கப்பாதை திறந்தபோது, ஸ்பென்சரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ரயில் நிலையமும் வந்துவிட்டதே! எதிரணி நண்பரின் கணக்குப்படி அதன்பின் கூட்டம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. இதற்கு இன்னும் வலுவான சாட்சி சுவருக்கு அடுத்த பக்கத்திலேயே நிற்கிறது. கன்னிமாரா ஓட்டல் அதே சாலையை ஒட்டி, அதே தடுப்புகளுக்கு நடுவில்தான் இருந்தது. அதன் நிர்வாகம் அந்தக் காலத்தையே பயன்படுத்திக்கொண்டு, ஓட்டலை மூடிப் பெரிய அளவில் புதுப்பித்து 2018-இல் மறுபடி திறந்தது. ஓட்டலும் மாலும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்லதான். ஆனால் கெட்ட காலத்தில் கடையை மூடிச் சீர்செய்ய ஒருவர் முடிவெடுக்க முடிவதும், நூற்றுக்கணக்கானவர் கூடி முடிவெடுக்க முடியாமல் போவதும் எவ்வளவு வேறானவை என்பதைக் காட்ட இந்த ஒரு மதில் போதும்.

அடுத்து வரவிருக்கும் எதிரணிப் பேச்சாளர் ரங்கநாதன் தெருவையும் ரிச்சி தெருவையும் கையில் எடுப்பார் என்று எதிர்பார்க்கிறேன். அங்கேயும் ஆளுக்கொரு கடைதானே, அவை ஏன் செழிக்கின்றன என்பார். நல்ல கேள்வி. அந்தத் தெருக்களில் பொது இடம் தெரு. அதைப் பெருக்குவதும் விளக்குப் போடுவதும் மாநகராட்சியின் வேலை. கடைக்காரர் சந்தா கட்டாவிட்டால் தெரு இருண்டு போகாது. பாண்டி பஜாரில் 2019-இல் அகன்ற நடைபாதையுடன் சாலையைத் திருத்தியமைத்தபோது ஒவ்வொரு கடை உரிமையாளரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. மாநகராட்சி முடிவெடுத்தது, வேலை நடந்தது. மூடிய கட்டடத்துக்குள் தெருவே தனியார் சொத்து. பாதிப் பேர் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவைத்தால், மீதிப் பேர் கட்டிய பணத்தில் குளிர்சாதனம் பாதிதான் ஓடும். புழுக்கத்தில் வாடிக்கையாளர் குறைவார். குறைந்தால் இன்னும் சிலர் கட்டணத்தை நிறுத்துவார்கள். இப்படி உடைமை சிதறிய எந்த மூடிய வளாகத்துக்கும் வரக்கூடிய வியாதி இது.

ஸ்பென்சருக்கு மட்டும் உரிய கதையாக இதை நான் கட்டவில்லை. டெல்லியை ஒட்டிய குருகிராமின் எம்.ஜி. சாலையில் 2000-களின் தொடக்கத்தில் எழுந்த மால்களில், கடைகளைத் தனித்தனியே விற்றவை இதே வழியில்தான் மங்கின. தெற்கு டெல்லியில் 2007-இல் திறந்த செலக்ட் சிட்டிவாக் கடைகளை விற்காமல் குத்தகைக்கே விட்டது. போட்டி மிகுந்த அந்த நகரத்தில் அது இன்றும் கூட்டத்தோடு இயங்குகிறது.

மூன்றாவது குற்றவாளி இணைய வணிகம். அதைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. கைப்பேசியில் சட்டை வாங்குகிறவர்கள்தாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேளச்சேரி ஃபீனிக்ஸில் வண்டி நிறுத்த இடம் தேடுகிறார்கள். மியூசிக்வேர்ல்டும் லேண்ட்மார்க்கும் மறைந்ததற்குத் தொழில்நுட்பம் காரணமாக இருக்கலாம். அவை காலி செய்த இடத்தில் அந்த அளவுக்குக் கூட்டம் சேர்க்கும் வேறொன்று வராததற்குத் தொழில்நுட்பமா காரணம்?

கடைசியாக, சட்டமே என் பக்கம் இருக்கிறது. தமிழ்நாடு அடுக்ககங்கள் உடைமைச் சட்டம் 2022-இல் புதிதாக இயற்றப்பட்டபோது, பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் போதும் என்ற வழி திறக்கப்பட்டது. ஒரே ஒருவர் மறுத்தாலும் மொத்தக் கட்டடமும் முடங்கிக் கிடக்கும் என்பதை அரசே உணர்ந்துகொண்டதால் வந்த ஏற்பாடு அது. அரசுக்குத் தெரிந்த நோய் எதிரணிக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

நடுவர் அவர்களே, என் நேரம் முடிகிறது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொன்னால் போதும். எக்ஸ்பிரஸ் அவென்யூ, மெட்ரோ, இணையம் மூன்றையும் நீக்கிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; நாளைக் காலையில் ஸ்பென்சர் பிளாசாவின் நகரும் படிக்கட்டுகளை மாற்றி, தரைதளத்தில் பெரிய துணிக்கடை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதற்கு யாரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது?