ஹாண்டல் எந்த ஊர்க்காரர்?

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் நீண்டுவிட்டது.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, ஒரு கல்யாண வரவேற்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, மைக் செட்டை வாடகை வாங்காமல் தந்திருக்கும் அண்ணாச்சி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். கல்வி அலுவலர் வந்திருப்பதில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. ஏன் என்று முடிவில் தெரியும். அதுவரை அவரை எழுந்திருக்க விடக் கூடாது என்று நூலகர் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்குப் பிடித்த பிரிட்டிஷ் இசையமைப்பாளர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஹாண்டல், எல்கர், டீலியஸ், ஹோல்ஸ்ட், பெஞ்சமின் பிரிட்டன் என்று ஐந்து பேரை எடுத்துக்கொள்கிறேன். கூடவே, இசைக்கு நாடு என்று ஒன்று உண்டா என்பதையும் பார்ப்போம்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள். நான் பார்க்கிறவன். கேசட் வாங்கிய காலத்திலிருந்தே, பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அட்டையைத் திருப்பி, ஆள் எந்த ஊர் என்று பார்க்கிற வியாதி எனக்கு.

ஹாண்டலில் தொடங்குவோம். 2023 மே மாதம் மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டினார்களே, அப்போது பாடிய ‘சேடக் த பிரீஸ்ட்’ அவருடையது. 1727-இல் இரண்டாம் ஜார்ஜுக்காக எழுதியது. அன்றிலிருந்து அது இல்லாமல் அங்கே முடிசூட்டு விழா நடந்ததில்லை. எழுதியவர் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தவர். அதே 1727-இல்தான் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் பிரிட்டிஷ் குடிமகனானார். சரி, மன்னராவது உள்ளூரா என்று பார்த்தால், அவரும் ஹனோவரில் பிறந்தவர்! மாப்பிள்ளையும் அசலூர், மேளமும் அசலூர். கல்யாணம் மட்டும் லண்டனில்.

இதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் தேசிய கீதமான ‘காட் சேவ் த கிங்’ மெட்டில் முத்துசுவாமி தீட்சிதர் ‘சந்ததம் பாஹிமாம்’ என்று அம்பாள் மீது சமஸ்கிருதத்தில் ஒரு பாட்டு செய்திருக்கிறார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக்கொண்டு கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? நதிமூலம் பார்த்திருந்தால் அந்தப் பெட்டியைத் திறந்தே இருக்க மாட்டோம்.

எல்கர் சுத்த இங்கிலாந்துக்காரர். வூஸ்டர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 1857-இல் பிறந்தவர். இசைக் கல்லூரிப் பக்கமே போனதில்லை. கல்வி அலுவலர் ஐயா இந்த ஒரு வரியை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டாம். எல்கரின் அப்பா வூஸ்டரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். கடையில் கிடந்த இசைக்குறிப்புப் புத்தகங்கள்தான் பையனுக்குக் கல்லூரி. நம் ஊரில் எத்தனை அப்பாக்களுக்கு அப்படிக் கடை இருக்கிறது?

டீலியஸ் கதையைச் சாவகாசமாகச் சொல்கிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

அப்பா, அம்மா ஜெர்மானியர்கள். 1862-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்தார். குடும்பத்துக்குக் கம்பளி வியாபாரம். பையன் அதில் ஒட்டவில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்கு, ஆரஞ்சுத் தோட்டம் பார்க்க அனுப்பினார்கள். ஆரஞ்சைக் கவனிப்பானா? ஆற்றங்கரையில் உட்கார்ந்து கறுப்பினத் தொழிலாளர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு லைப்சிக்கில் படிப்பு, நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் நட்பு, கடைசியில் பாரிசுக்குத் தெற்கே கிரே என்ற கிராமத்தில் வாசம். மனைவி ஓவியர், ஜெர்மானியர். இந்த மனிதர் 1912-இல் எழுதிய ‘வசந்தத்தின் முதல் குயிலோசை’யைக் கேட்டுவிட்டு, இதைவிட இங்கிலாந்து மணக்கும் இசை உண்டா என்று இன்றும் உருகுகிறார்கள். அதற்குள் இருப்பது ஒரு நார்வே நாட்டுப்புற மெட்டு!

அப்புறம் கண் போயிற்று, கைகால் விழுந்துவிட்டன. தலைக்குள் இசை இருக்கிறது, எழுத முடியவில்லை. இதைக் கேள்விப்பட்ட எரிக் ஃபென்பி என்ற ஸ்கார்பரோ பையன், வயது இருபத்திரண்டு, நான் வந்து எழுதித் தரட்டுமா என்று கடிதம் போட்டான். 1928-இல் போயும் சேர்ந்தான். முதல் நாள் கிழவர் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு ஒரே சுருதியில் ‘டட்டட்டா’ என்று முனகுகிறார். ஸாவும் இல்லை, ரியும் இல்லை. பையன் பென்சிலைப் பிடித்தபடி விழிக்கிறான். அவர் என்ன பாடுகிறார் என்றே புரியவில்லை. அன்று மனமுடைந்து போனவன் அடுத்த ரயிலில் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எந்த வாத்தியம், எந்த ஸ்வரம், எத்தனை மாத்திரை என்று இவர் வாயால் சொல்லச் சொல்ல, அவன் எழுதுவான், பியானோவில் வாசித்துக் காட்டுவான், இவர் திருத்துவார். ‘கோடையின் பாடல்’ அப்படித்தான் உருவானது. டீலியஸ் 1934 ஜூனில் இறந்தார். மறு ஆண்டு, அவர் ஆசைப்படியே, உடலை எடுத்துவந்து தெற்கு இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள்.

இவர் எந்த நாட்டு இசையமைப்பாளர்? எனக்குக் கேட்கத் தோன்றுவது வேறு. ஸ்வரம் எழுதத் தெரிந்த அந்தப் பையன் மட்டும் இல்லாவிட்டால் அந்த இசை எங்கே போயிருக்கும்? யாரோ ஒருவர் அவனுக்குச் சின்ன வயதில் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

நான் படித்த பள்ளியில் ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. ஆர்மோனியத்தின் துருத்தியில் ஓட்டை. அதில் அவர் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார், காயத்துக்கு ஒட்டுவோமே அதே பிளாஸ்திரி. அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொண்டார். ஆர்மோனியம் பீரோ மேலே ஏறியது. போன வருடம் போய்ப் பார்த்தேன், அங்கேயேதான் இருக்கிறது.

ஹோல்ஸ்டுக்கு வருகிறேன். கொள்ளுத்தாத்தா ரீகாவிலிருந்து வந்தவர். பெயரில் ‘ஃபான்’ என்று ஒரு வால் இருந்தது. ஜெர்மானியப் பெயர் மாதிரி ஒலிக்கிறது என்று 1918-இல் ஹோல்ஸ்ட் அதைக் கழற்றினார். ஆனால் ரிக் வேதத்தைத் தானே மொழிபெயர்க்க வேண்டும் என்று சமஸ்கிருதம் படித்தவர். அந்த மந்திரங்களுக்குக் கோரஸ் எழுதினார், மகாபாரதத்திலிருந்து சாவித்திரி கதையை எடுத்துச் சின்ன ஓபரா செய்தார். நம் பழமொழியை அவரிடம் சொல்லியிருந்தால், ரிஷிமூலம் பார்க்காமல் எப்படி ஐயா மொழிபெயர்ப்பது என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

‘கிரகங்கள்’ என்ற வாத்திய இசையை எழுதி உலகப்புகழ் பெற்றாரே, அப்போது அவர் வேலை என்ன தெரியுமா? பாட்டு வாத்தியார்! லண்டனில் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் 1905 முதல் 1934-இல் சாகும்வரை. இருபத்தொன்பது வருடம். பள்ளி அவருக்கு வெளிச்சத்தம் புகாத ஓர் அறை கட்டிக்கொடுத்தது. வாரக் கடைசியிலும் கோடை விடுமுறையிலும் அதில் உட்கார்ந்துதான் எழுதினார். அங்கே பெண்பிள்ளைகள் கேட்டது இங்கிலாந்து நாட்டுப்பாட்டும் ஆயிற்று, வேத மந்திரமும் ஆயிற்று. ஓர் ஊருக்கு இசை சொந்தமாவது வகுப்பறையில் என்பது என் கட்சி. 1914-இல் ஒரு ஜெர்மானியர் இங்கிலாந்தை ‘இசையில்லாத நாடு’ என்று புத்தகத் தலைப்பிலேயே கேலி செய்தார். அவர் இந்தப் பள்ளிக்குள் எட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அதனால் கல்வி அலுவலர் அவர்களே, வாசலில் டீ டிரம் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. நம் ஊர் அரசுப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் இசை ஆசிரியர் இடங்களை நிரப்பக் கோரும் மனு. தாங்கள் அதிகாரி, கையெழுத்துப் போட முடியாது, தெரியும். வாங்கிக்கொண்டு போனால் போதும். நகர்மன்றத் தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாக மேடையிலேயே என் காதில் சொல்லிவிட்டார். ஆர்மோனியத் துருத்தியைச் சரிசெய்யும் செலவு என்னுடையது.

மணி அடித்துவிட்டார்கள். பெஞ்சமின் பிரிட்டன் 1913-இல் லோஸ்டாஃப்டில் பிறந்தார் என்பதற்கு மேல் இன்று சொல்ல வழியில்லை. அவரை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்வோம். மைக் செட் அண்ணாச்சி, அந்தக் கடைசிப் பாட்டைப் போடுங்கள். ஹோல்ஸ்ட் தன் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கவென்றே எழுதிய ‘செயின்ட் பால்ஸ் சூட்’டின் முடிவுப் பகுதி, மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். மேலே ஒரு கிராமத்து ஆட்டமெட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடியில் செல்லோக்கள் ‘கிரீன்ஸ்லீவ்ஸ்’ மெட்டை எடுக்கும். அந்த இடத்தில் மட்டும் யாரும் நாற்காலியை நகர்த்தாதீர்கள். டீ அப்புறம்.