கட்டிலுக்குள் பெட்டி: எல்லாம் திறப்பதில் இருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. நம்மில் பலருக்கு வீடு இவ்வளவுதான். அதற்குள் பண்டிகைப் பாத்திரம், விருந்தாளி வந்தால் போட ஜமுக்காளம், பட்டுப்புடவை, பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகம், கொலு பொம்மை எல்லாம் எங்கேயாவது அடங்கியாக வேண்டும். பரண் நிரம்பியதும் ஆசாரியைக் கூப்பிட்டு, "கட்டிலுக்கு அடியில பெட்டி மாதிரி செஞ்சு குடுத்துடுங்க" என்கிறோம். அவரும் செய்து கொடுத்துவிடுகிறார். இரண்டு வருடம் போனால் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் நினைவிருப்பதில்லை. காரணம், அதை யாரும் திறப்பதில்லை.

ஏன் திறப்பதில்லை என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். உள்ளே சாமான் வைக்க இடம் ஒளித்த மரச்சாமான் எதைச் செய்தாலும் "எவ்வளவு பிடிக்கும்" என்று முதலில் கேட்கிறோம். "எப்படித் திறக்கும்" என்று முதலில் கேட்க வேண்டும். இதை இந்தப் பேச்சில் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நமக்குப் புதிய யோசனையும் கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பழைய வீடுகளில் பத்தாயம் இருக்கும். உள்ளே நெல், மேலே பாய் விரித்துப் படுக்கை. பார்க்கப் பெரிய மரப்பெட்டி, அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்தவர்கள் இரண்டு விஷயத்தைச் சரியாக யோசித்திருக்கிறார்கள். ஒன்று, பெட்டி தரையில் உட்காராது. கால் வைத்து உயர்த்தியிருக்கும், ஈரம் ஏறாது. இரண்டு, நெல் கொட்ட மேலே மூடி இருக்கும். எடுப்பதற்கு முன்பக்கம் கீழே தனியாக ஒரு சின்னத் திறப்பு வைத்ததும் உண்டு. படுத்திருப்பவரை எழுப்பாமல் நெல் எடுக்கலாம். இன்றைய பிளைவுட் கட்டில்களில் பலவற்றில் இந்த இரண்டுமே இல்லை.

சரி, ஒரு திவானை எடுத்துக்கொள்வோம். 6 அடி நீளம், 3 அடி அகலம். பகலில் உட்கார, ராத்திரி ஒருவர் படுக்க. உட்காருவதற்கு வசதியான உயரம் தரையிலிருந்து 17 அங்குலம். இந்த 17 அங்குலத்தில்தான் எல்லாம் அடங்க வேண்டும். மெத்தை 4 அங்குலம். மூடிப் பலகை முக்கால் அங்குலம். அடிப்பலகை அரை அங்குலம். கீழே கால் 3 அங்குலம். கழித்துப் பாருங்கள், மிஞ்சுவது 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய சூட்கேஸ்களில் சில, படுக்கவைத்தால்கூட அதில் போகாது. மடித்த போர்வை, ஜமுக்காளம், தாம்பாளம், புடவைப் பெட்டி போகும். ஆகவே ஆசாரியிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உள்ளே வைக்க வேண்டிய சாமானையெல்லாம் தரையில் பரப்பி, ஸ்கேல் வைத்து உயரம் அளந்து எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே வருடத்தில் எத்தனை முறை எடுப்பீர்கள் என்றும் எழுதுங்கள். இந்த இரண்டாவது எண்தான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை எடுப்பது மூடிக்கு அடியில் போகலாம். மாதம் ஒருமுறை எடுப்பது இழுப்பறைக்குப் போக வேண்டும். தினம் எடுப்பதைக் கட்டிலுக்குள் வைக்கவே வேண்டாம், அது அலமாரிச் சாமான்.

இப்போது மூடி. இதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்து பெட்டிக் கட்டில்கள் பாழாவது இங்கேதான்.

18 மில்லிமீட்டர் பிளைவுட் சதுர அடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வரும். மனதில் வைத்துக்கொள்ள இந்தக் கணக்குப் போதும். திவான் மூடி 18 சதுர அடி. மைக்காவும் சேர்த்தால் 20 கிலோ. தேங்காய் நார் மெத்தை 12 முதல் 15 கிலோ. ஆக முப்பதைத் தாண்டுகிறது. ஒரு பக்கம் கீல் இருப்பதால் மறுவிளிம்பைத் தூக்கும் கைக்குப் பாதி எடை வரும், 16, 17 கிலோ. குனிந்தபடி, ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உள்ளே துழாவ வேண்டும். இதுவே 6க்கு 5 கட்டில் என்றால் மெத்தையோடு 60 கிலோவை நெருங்கும். முதுகு வலி இருக்கிற அம்மாவோ பாட்டியோ அதைத் திறக்கப் போவதில்லை. மூடியை இரண்டாகப் பிரித்தாலும் மேலே மெத்தை ஒன்றாகவே கிடக்கிறது. அதைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

"ஹைட்ராலிக் போட்டால் தானே தூக்கிக்கொள்ளும்" என்பார்கள். அது உள்ளே வாயு அடைத்த தண்டு. நல்ல பொருள்தான், ஆனால் எடை பார்த்து வாங்க வேண்டும். அதன் மேல் நியூட்டன் கணக்கில் ஓர் எண் இருக்கும். 10 நியூட்டன் என்றால் தோராயமாக ஒரு கிலோ தள்ளும் விசை. தண்டு கீலுக்குப் பக்கத்தில் நின்று தள்ளுவதால் மூடியின் எடையைவிடப் பல மடங்கு விசை தேவைப்படும். அதனால் கடையில் வெறும் கட்டில் அளவை மட்டும் சொல்லாதீர்கள். மூடி எடை, மெத்தை எடை, தண்டு கீலிலிருந்து எவ்வளவு தூரத்தில் பொருந்தும், இந்த மூன்றையும் சொல்லுங்கள். பொருத்தியதும் மெத்தையைப் போட்டுச் சோதியுங்கள். முதல் ஓர் அடிக்குக் கை கொடுக்க வேண்டும். அதற்கு மேல் மெதுவாகத் தானே ஏறி நிற்க வேண்டும். விசை அதிகமானால் கட்டில் சரியாக மூடாது, குறைந்தால் மூடி தலையில் விழும். நார் மெத்தையை எடுத்துவிட்டு லேசான ஃபோம் மெத்தை வாங்கிய பிறகு கட்டில் சரியாக மூடுவதில்லை என்று பலர் சொல்வார்கள். கட்டிலில் கோளாறு ஒன்றும் இல்லை. எடை மாறிவிட்டது, தண்டையும் மாற்ற வேண்டும்.

இன்னும் மூன்று சின்ன விஷயம். கட்டில் மூடியிருக்கும்போது தண்டின் மெல்லிய கம்பிப் பகுதி கீழே பார்த்திருக்க வேண்டும். தண்டுக்குள் இருக்கிற எண்ணெய், வாயைக் காக்கும் அடைப்பானை நனைத்தபடி இருந்தால்தான் வாயு கசியாமல் நாள்பட உழைக்கும். தண்டின் தாங்கியை பிளைவுட்டில் வெறும் ஸ்க்ரூ போட்டு நிறுத்தினால் சில மாதத்தில் பிய்த்துக்கொண்டு வரும். துளை போட்டு போல்ட், நட், பின்னால் வாஷர் வைத்து முறுக்கச் சொல்லுங்கள். மூடி நிமிரும்போது மெத்தை சரியாமலிருக்க கீல் பக்கம் 3 அங்குல உயரத்தில் ஒரு தடுப்புக் கம்பி வேண்டும்.

குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒரு வார்த்தை. ஒளிந்து விளையாடும்போது குழந்தை பெட்டிக்குள் இறங்கிவிடும். தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் எதையும் மூடியில் வைக்காதீர்கள். காற்றுத் துளை கட்டாயம். இதில் சமரசம் வேண்டாம்.

காற்று என்றதும் அடுத்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவரை ஒட்டிப் போட்ட பெட்டிக் கட்டிலைத் திறந்தால் ஒரு முடை நாற்றம் வரும். துணியில் பூஞ்சணம், காகிதத்தில் ராமபாணப் பூச்சி. அந்துருண்டை போட்டால் நாற்றம் மாறும், ஈரம் போகாது. பெட்டியின் தலைமாட்டுப் பலகையிலும் கால்மாட்டுப் பலகையிலும் எதிரெதிராக ஒரு அங்குலத் துளை ஆறாறு போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் காற்று நகராது. உள்பக்கம் கொசுவலை அடித்துவிட்டால் கரப்பான் நுழையாது. கட்டிலைச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளிப் போடுங்கள். கரையான் சுவர் வழியாக மண்கோடு போட்டு வந்தால் அந்த இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்; ஒட்டிப் போட்டால் மரத்தைத் தின்று முடித்த பிறகுதான் தெரியும்.

நம் ஊரில் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம், ஈரத்துணியால் துடைக்கிறோம். பிளைவுட்டின் வெட்டுவாய், அதாவது அறுத்த ஓரம், தரையைத் தொட்டால் தண்ணீரை உறிஞ்சி உப்பும், மைக்கா பெயரும். கால் வேண்டும். அதுவும் எவ்வளவு உயரம்? 2 அங்குலம் வைத்தால் துடைப்பம் போகாது, தூசி மட்டும் போகும். ஒன்று, 6 அங்குலம் வைத்துக் கூட்டிப் பெருக்க விடுங்கள். அல்லது 3 அங்குலக் கால் வைத்து, சுற்றிலும் பிவிசி பட்டை அடித்து அடைத்துவிடுங்கள். நான் முன்னால் போட்ட 17 அங்குலக் கணக்கு இந்த இரண்டாவது வகைக்கு. பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரையில் பிடபிள்யூஆர் என்று இருக்கிறதா பாருங்கள், அது கொதிநீரையும் தாங்கும் பசையில் செய்த ரகம். எம்ஆர் என்றிருந்தால் ஓரளவு ஈரத்தைத்தான் தாங்கும். ஐஎஸ் 710 இன்னும் உசத்தி. அடிப்பலகைக்கு மட்டும் அதைப் போட்டாலும் பணம் வீணில்லை. மூடிக்கு மேல்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டி நிறுத்திவிடுவது செலவு குறைக்கும் வழக்கம். ஒரு பக்கம் அடைபட்டு மறுபக்கம் ஈரம் குடிக்கும்போது பலகை வளைந்துவிடும், பிறகு மூடி பொருந்தவே பொருந்தாது. அடியிலும் ஒரு மெல்லிய மைக்கா ஒட்டச் சொல்லுங்கள்.

இழுப்பறைக்கு வருவோம். திறப்பது சுலபம், மெத்தையைத் தொட வேண்டாம். ஆனால் தரை வேண்டும். 10க்கு 10 அறை, நடுவில் 5 அடி அகலக் கட்டில். இரண்டு பக்கமும் இரண்டரை அடி மிஞ்சுகிறது. 2 அடி ஆழ இழுப்பறையை முழுக்க இழுத்தால் மிச்சம் அரை அடி. நீங்கள் எங்கே நிற்பீர்கள்? அந்த அறைக்குக் கட்டிலை ஒரு சுவர் ஓரமாகத் தள்ளி, இழுப்பறையை ஒரே பக்கம் வைப்பதுதான் வழி. இழுப்பறை ஓடும் தண்டவாளம் மாதிரியான, பந்து வைத்த சேனல் ஜோடிக்கு 35 முதல் 45 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். துணிக்கு அது தாராளம். 3 அடி அகல இழுப்பறை முழுக்கப் புத்தகம் அடுக்கினால் 70 கிலோவைத் தாண்டும், சேனல் வளையும். சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் விட வேண்டும். அதாவது திறப்பைவிட இழுப்பறை ஒரு அங்குலம் அகலம் குறைவு. இந்தச் செலவே வேண்டாம் என்றால் சாதாரணக் கால் வைத்த கட்டிலுக்கு அடியில் சக்கரம் போட்ட தட்டுப்பெட்டி நான்கு போதும். பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் அதிகம் திறந்து மூடப்படுவது அதுதான்.

கொலு வைக்கிற வீடுகளுக்காக ஒன்று சொல்ல நினைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பொம்மை வருடம் முழுக்கப் பரணில், படி தனியாக இன்னொரு மூலையில். இரண்டையும் ஒன்றாக்கலாம். 3 அடி நீளம், ஓர் அடி ஆழம், 9 அங்குல உயரத்தில் ஒரே அளவாக ஆறு பெட்டி, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில். ஒவ்வொன்றும் 9 கிலோவுக்குள் வரும், ஒருவரே தூக்கலாம். நவராத்திரிக்கு முன்வரிசையில் ஒன்று, நடுவில் இரண்டு அடுக்கு, பின்னால் மூன்று அடுக்கு என்று வைத்தால் மூன்று படி. அந்த நாட்களில் பொம்மை மேலே இருக்கும், பெட்டி காலியாக இருக்கும். மற்ற நாளில் இரண்டிரண்டாக அடுக்கிய நாலு பெட்டி 18 அங்குல உயர டீப்பாய் ஆகும், மிச்சம் இரண்டு ஜன்னலோரம் இருக்கை. பருத்தித் துணி சுற்றிய பொம்மை உள்ளே உறங்கும். இங்கேயும் அதே கேள்விதான், எப்படித் திறக்கும்? மேல்மூடி வைத்தால் அடிப்பெட்டியைத் திறக்க மேல்பெட்டியை இறக்க வேண்டும். ஆகவே முன்பக்கப் பலகையைக் கீழ்விளிம்பில் கீல் வைத்து முன்னால் சாயும்படி செய்யுங்கள். பெட்டிக்குமேல் பெட்டி நழுவாமலிருக்க மேலே இரண்டு மர முளை, அடியில் அதற்கான குழி. கீலை பிளைவுட் வெட்டுவாயில் அடிக்காமல் உள்ளே ஒரு தேக்கு ரீப்பர், அதாவது மெல்லிய சட்டம், ஒட்டி அதில் அடிக்க வேண்டும். வெட்டுவாயில் ஸ்க்ரூ நிற்காது.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்து கை காட்டுகிறார்கள். சுவரில் மடிக்கும் சாப்பாட்டு மேசையைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: மேசை உயரம் 30 அங்குலம், மடிக்கும் பலகை 18 அங்குலத்துக்கு மேல் நீள வேண்டாம், தாங்கி இரண்டும் செங்கல் சுவரில் பிடிமானமாக இறங்க வேண்டும், பூச்சில் மட்டும் நிற்கக் கூடாது. பின்னால் 4 அங்குல ஆழத்தில் மசாலா டப்பா, மருந்து வைக்கத் தட்டு போடலாம். மேசையை மடித்தால் தட்டு மறையும். ஆனால் மருந்து தினமும் எடுக்கிற பொருளாக இருந்தால் அதற்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு தனியாக வையுங்கள்.

நன்றி, வணக்கம்.